முத்துப்பேச்சியின் மாத்திரை

“மொதல்ல அந்தப் பாட்டில எடுத்துச் சாக்கடையில கொட்டுடி” என்று வாசற்படி ஏறும்போதே ஆரம்பித்தாள் முத்துப்பேச்சி.

கலையரசி பிரிட்ஜை மறைத்துக்கொண்டு நின்றாள். பாட்டிலில் இருந்தது சாராயம் இல்லை, இன்சுலின். சாராயத்தை அவள் புருஷன் அழகுமலை, கணையம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே விட்டுவிட்டான். அந்த நோய் போனது, சர்க்கரையைக் கொடுத்துவிட்டுப் போனது.

“கணையமே செத்துக் கெடக்கு மதினி. மாத்திரை எதைப் போய்த் தட்டி எழுப்பும்? இவருக்கு ஊசிதான், விட்டா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும் கூடத்தான நின்னீங்க?”

“நம்ம போடி ஊருல பாதிப் பேரு மாத்திரையத் தின்னுட்டு நல்லாத்தான் திரியிறான். என் தம்பிக்கு மட்டும் ஊசியா? பழகிட்டா சாகுற வரைக்கும் விடாதாம்.”

இந்த நினைப்பில்தான் அவள் தம்பியைக் குலசாமி கோயிலுக்கு இழுத்துப் போய், இனி என் கையால் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்திருந்தாள். கையோடு ஒரு டப்பா மாத்திரையும் கொடுத்துவிட்டாள். அக்காவுக்குப் பயப்படுகிற அளவுக்கு அழகுமலை எமனுக்குக்கூடப் பயப்பட மாட்டான்.

வாரம் முழுக்க அவனுக்கு மலைமேல் ஏலத் தோட்டத்தில் வேலை. முத்துப்பேச்சியின் புருஷன் ஈஸ்வரன்தான் அங்கே கங்காணி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஜீப்பில் இறங்கி, சாயங்காலம் இருவரும் ஏறிவிடுவார்கள். இன்றும் அப்படி இறங்கி, முத்துப்பேச்சியோடு வந்திருந்தார்கள்.

தோட்டத்தில் மச்சான் ரூமுக்குள் போய்விட்டு வந்துதான் அழகுமலை சோற்றில் கை வைக்கிறான் என்று உடன் வேலை பார்க்கும் பெண்கள் சொல்லியிருந்தார்கள். மாத்திரைக்குக் காவல் போட்டிருக்கிறார்கள் என்று கலையரசிக்கு அந்த மனுஷன் மேலும் வெறுப்பு.

“இப்பத்தான் லேப்புல பாத்துட்டு வர்றோம். சுகரு நல்லா எறங்கிருச்சு” என்றாள் முத்துப்பேச்சி. “என் மாத்திரை எறக்குனது. ஊசியக் குத்திக் குத்தி அவன நோயாளியாவே வச்சிருந்து நாட்டாமை பண்ணலாம்னு பாத்தியா?”

சர்க்கரை இறங்கியதில் கலையரசிக்குச் சந்தோஷம்தான். அதை இவள் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் உடம்பெல்லாம் எரிந்தது. அவள் தன் புருஷனைப் பார்த்தாள்.

“நெசமாச் சொல்லுங்க. சத்தியத்த மீறவே இல்லையா?”

“மீறல” என்றான் அழகுமலை, தரையைப் பார்த்தபடி.

ஈஸ்வரன் கதவோரம் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நீங்களாவது சொல்லக் கூடாதாண்ணே? மலையில இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“அவர என்னத்துக்குடி இழுக்குற? அவரும் என் பக்கந்தான்” என்று பாய்ந்தாள் முத்துப்பேச்சி.

கலையரசிக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. பிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்து நாத்தனார் கையில் திணித்தாள்.

“நீங்களே கொட்டுங்க. உங்க தம்பி, உங்க பாடு.”

ரப்பர் மூடி அசைந்து கொடுக்கவில்லை. முத்துப்பேச்சி வெறியோடு வெளியே போய், துவைக்கிற கல்லில் அடிக்கக் கையை ஓங்கினாள்.

ஓங்கிய கையை ஈஸ்வரன் பின்னாலிருந்து பிடித்தார்.

“உடைச்சிராத, மாப்ளைக்கு நான் தெனமும் போடுற ஊசிமருந்து காலையோட தீந்துபோச்சு.”