தீயைப் பார்க்கும் கம்பி

எரிவாயு மயானத்தின் பர்னர் மூன்றாவது முறையும் பற்றிக்கொண்டு, ஐந்தே விநாடியில் அணைந்துபோனது. உலை சூடேறாமல் உடலை உள்ளே தள்ள முடியாது. வெளியே தள்ளுவண்டியில் கவிநிலா காத்துக்கிடந்தாள்.

“நெருப்பு நல்லாத்தான எரியுது மாப்ள, அப்பறம் எதுக்கு நின்னுபோகுது?” என்றார் அவளுடைய தாய்மாமன்.

“எரியறது நமக்குத் தெரியுதுங்க மச்சான். தீயப் பாக்கற கம்பிக்குத் தெரியோணுமே. அதுக்குத் தெரியலீன்னா கேஸை மூடிப்போடும்,” என்றார் அர்த்தநாரி. பத்து வருடமாக இந்த பர்னரைப் பழுது பார்ப்பவர் அவர்தான். கவிநிலாவின் அப்பாவும் அவர்தான்.

உப்புத்தாளை மடித்துக் கம்பியை அழுந்தத் தேய்த்தார். பர்னர் மறுபடி பற்றியது, மறுபடி அணைந்தது.

உலையை இயக்கும் சென்னியப்பன் பக்கத்தில் குனிந்து பார்த்தான். உள்ளே இரண்டு கம்பிகள். அர்த்தநாரி இவ்வளவு நேரமும் தேய்த்தது பொறி தட்டும் கம்பியை. தீயைப் பார்க்கும் கம்பி அப்பிய கரியோடு அப்படியே இருந்தது.

“அண்ணா, அது...” என்று ஆரம்பித்தவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். உறவுக்காரர்கள் பக்கம் திரும்பினான்.

“இன்னுஞ் சித்த நேரம் ஆகுமுங்க.”

அர்த்தநாரி, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கம்பியை மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.