ஒன்றாம் தேதிக் குரல்

"இனி இந்தச் சந்துக்குள்ள கால் வைக்க மாட்டேன். போதுமா?"

தளவாய் மெதுவாகத்தான் சொன்னான். அந்தக் குரல் இவ்வளவு சன்னமாகவும் வரும் என்பது கோமதிக்கு அன்றுதான் தெரிந்தது.

மாதுங்காவில் வட்டிக்கு விடும் ஒருவரிடம் அவன் வசூல் ஆள். ஒன்றாம் தேதி சாயங்காலமானால் தாராவியின் இந்தச் சந்துக்கு வருவான். அவளுடைய ஒற்றை அறைக் கோலிக்கு எதிரே நின்றுகொண்டு அவள் புருஷனைக் கூப்பிடுவான்.

"ஏலே பூதத்தான், பொண்டாட்டி முந்தானைக்குள்ள இன்னும் எத்தன நாளுலே ஒளிஞ்சு கெடப்ப?"

சந்து சிரிக்கும். குழாயடிப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பூதத்தான் மண்ணெண்ணெய் டின்னுக்குள் இருக்கிறான், மூடியைத் திறந்து பார் என்பான் ஒருவன்.

கோமதி கதவைப் பாதி திறந்து, அவுக இல்லை அண்ணாச்சி என்பாள்.

வாசலில் கிடக்கும் ஆண் செருப்பையும் கொடியில் ஈரமாகத் தொங்கும் சட்டையையும் தளவாய் சந்துக்கே காட்டுவான். பிறகு இன்னும் சத்தமாகத் திட்டுவான்.

அதை நிறுத்தியது சந்திரமௌலி. மாதுங்காவில் அவர் வீட்டில்தான் அவள் பாத்திரம் தேய்க்கிறாள். ஒரு ஒன்றாம் தேதி சீக்கிரம் போகக் கேட்டபோது, ஏன் என்று அவர் மனைவி ஷ்யாமளா விடாமல் கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. கடன் கொடுத்தவன் வாசலில் நின்று கத்தக்கூடாது, மிரட்டக்கூடாது, கேட்பதைக் கோர்ட்டில் கேட்கட்டும், அதுதான் சட்டம் என்றார். புருஷன் வாங்கிய கடன் அவள் தலையில் விழாது என்றும் சொன்னார். வேண்டாம் சாமி என்று அவள் கெஞ்சினாள். பயப்படுகிறாள் என்று நினைத்து, மீறினால் போலீஸுக்குப் போவோம் என்று வட்டிக்காரருக்கு அவரே நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

அந்த நோட்டீஸுக்குப் பிறகு வந்து நின்ற தளவாய், வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தான்.

"போலீஸுன்னா என் பொழப்பு போயிரும்மா. அவன்ட்ட சொல்லு, இனி தைரியமா வெளிய வரட்டும்."

நோட்டீஸ் சேதி பரவி, குழாயடியிலும் காலையிலிருந்து அதே பேச்சுத்தான். பூதத்தான் நாளைக்கு வெயிலில் நடப்பான், முகம் வெளுத்துப் போயிருக்கும், பார்க்க வேண்டும் என்று சிரித்தார்கள்.

கோமதி இரண்டு வாசல் தள்ளிப் பார்த்தாள். அது முன்பு பேராச்சி குடியிருந்த கோலி. அவள் புருஷன் செத்த பதினாறாம் நாள் முடிந்ததும், ஆம்பளை இல்லாத வீடு என்று சந்தின் தாதா அவள் சட்டி பானையை வெளியே எடுத்து வைத்தான். அதற்கு முன்பே இரவில் கதவு தட்டப்பட்டது. இப்போது அங்கே வேறு யாரோ சமைக்கிறார்கள்.

சீனாச் சண்டை நடந்த தீபாவளியின்போது, தேவ்நாரில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனான் பூதத்தான். பாண்டுப்பில் வேறொருத்தியுடன் ஒரு வாசலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்ததை அவளே ஒருநாள் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

வாசலில் கிடக்கும் செருப்பு பழைய சாமான் கடையில் வாங்கியது.

ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் கதவைப் பாதி திறந்து அவள் உண்மையைத்தான் சொன்னாள். தளவாயின் சத்தத்தில் சந்து அதை நம்பாமல் இருந்தது.

தளவாய் திரும்பி நடக்கத் தொடங்கினான். அவள் செருப்பைத் தாண்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். குழாயடிக்குக் கேட்காத தூரத்தில் அவனை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணாந்தேதி வாங்க. துட்டு நான் தாரேன். முன்ன மாதிரி சத்தமா அவுக பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. நான் கூப்பிட முடியாதுல்லா?"