ரோட்டிலிருந்து தெரியும் வயல்

காலை எட்டு மணி ரயில் தெமோதரையைத் தாண்டிப் போய்விட்டது. ஷாஹ்மி சேர் இன்னும் ரோட்டைவிட்டு இறங்கவில்லை.

கமநல நிலையத்திலிருந்து வயல் பார்க்க வந்த விவசாய உத்தியோகத்தர் அவர். இரவெல்லாம் மழை. வரப்புப் புல்லில் அட்டைகள் தலையை நிமிர்த்திக் காத்துக்கொண்டிருந்தன.

உர மானியம் இப்போது மூட்டையாக வருவதில்லை. காசாக வங்கிக்கு வருகிறது. விதைத்தவருக்குத்தான் வரும். விதைத்ததை உத்தியோகத்தர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு தூரத்திலிருந்து என்று விதியில் இல்லை.

"இங்க இருந்தே காட்டுங்க," என்றார் சேர்.

கீழே பள்ளத்தில் படிப்படியாக வயல்கள். விதைநெல் பிந்திவிட்டதால் எல்லாம் வெறும் சேறு. ஒன்று மட்டும் பச்சை.

முதலில் ஜெயகுமார் வந்தான். தாடையை நீட்டினான்.

"அந்தா, பச்சையா தெரியுதே சேர்."

சேர் எட்டிப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் நின்ற கலாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேற்றுக் குழாயடியில் இந்த யோசனையைச் சொன்னவளே அவள்தான். அடுத்த கிழமை எல்லோரும் விதைக்கத்தான் போகிறார்கள். ஒரு கிழமை முந்திப் பார்க்க வந்தது சேருடைய அவசரம். அதற்காக ஒரு போகத்துக் காசை விடுவதா?

அடுத்தது பெரியாயி. அவளுக்குத் தூரப் பார்வை மட்டு. கையைக் குத்துமதிப்பாக நீட்டினாள். அது தண்டவாளத்தைக் காட்டியது. ஜெயகுமார் அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

சேர் எழுதினார்.

மூன்றாவது ஆள் கஜேந்திரன். அவனுக்குக் கை நீட்டினால் மட்டும் போதாது.

"பயிர் நிக்கிற அழகப் பாருங்க சேர். ராத்திரி பகலா பாடுபட்டதுங்க."

பேனா நின்றது. சேர் பச்சையைப் பார்த்தார். கஜேந்திரனைப் பார்த்தார். மறுபடியும் பச்சையைப் பார்த்தார்.

பிறகு எழுதினார்.

கலாராணிக்குச் சிரிப்பு போய்விட்டது.

காசு வந்தால்தான் யூரியா. யூரியா போடாவிட்டால், போன போகத்தைப் போல இந்தப் போகமும் அவளுடைய பயிர் மஞ்சளடித்துவிடும்.

உண்மையைச் சொன்னால் மூன்று பேருக்கும் வெட்டு விழும். அறுப்புக்கு அவளோடு இறங்குகிறவர்கள் அவர்கள்தான்.

"வாங்க அக்கா," என்றார் சேர்.

ஜெயகுமாரும் பெரியாயியும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கஜேந்திரன் மட்டும் வானத்தைப் பார்த்தான்.

அவள் கையை நீட்டினாள். தான் மண் புரட்டி, வரப்புக் கட்டி, பக்கத்து ஊரில் விதைநெல் கைமாற்று வாங்கி, மழைக்கு முந்தியே விதைத்த தன் வயலைக் காட்டினாள்.

சேர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது மூணு பேருட வயல் அக்கா. ஒங்கட வயல் எது?"