பழைய வெடிமருந்து

"அப்பா காலத்து மருந்துங்க, வேணாம்! முகம் கருகிட்டா யாருங்க பாக்கறது?"

கணவன் துப்பாக்கியின் வாய்வழியே குச்சியால் இடித்து நிரப்பி முடிக்கும்வரை மனைவியின் அர்ச்சனை ஓயவில்லை. விசையை இழுத்தான், வெடிக்கவில்லை.

துப்பாக்கி பழுதுபார்க்கும் அவள் அண்ணனிடம் ஓடினார்கள். குழலைப் பார்த்ததும் அவனுக்கு வியர்த்தது.

"அடியில விரிசல், மாப்பிள்ளை! வெடிச்சிருந்தா தலையே போயிருக்கும்."

"நல்லவேளை, மருந்து நமுத்துப்போச்சு!" என்றான் கணவன்.

அவர்கள் கொண்டுவந்திருந்த மருந்து டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தரையிலிட்டு, நீண்ட திரியால் கொளுத்தினான் அண்ணன். குபீரென்று எரிந்தது. திகைத்தவன், குழலுக்குள் கம்பியை விட்டுக் குண்டை வெளியே இழுத்தான். அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை.

"மாப்பிள்ளை, மருந்தே போடலையே நீங்க!"

கணவன் மனைவியை நோக்கிக் கைகூப்பினான்.

"நீ திட்டின திட்டுல மறந்துட்டேன். ஆயுசுக்கும் திட்டு, தாயே!"