எடுத்துக்காட்டு வாக்கியம்

அகராதி அலுவலகத்தில் அன்று எனக்கு வந்த சொல் ‘அம்பலநூல்’. பிறர் மறைக்கும் அந்தரங்கத்தை ஊரறியச் சொல்லும் தன்வரலாறு என்று பொருள் எழுதினேன். எடுத்துக்காட்டு வாக்கியம்தான் வரவில்லை.

“புருஷன் வண்டவாளத்தைப் பொண்டாட்டி எழுதினாள்னு போடுப்பா,” என்று சிரித்த பதிப்பாசிரியர் தேவசகாயம், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். என் மனைவி அருள்மொழி இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“பரவாயில்லை சார். என் வண்டவாளம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.”

‘அவள் அம்பலநூல் எழுதியிருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை எடுத்தார். “எடுத்துக்காட்டு நிகழ்காலத்துல இருக்கணும்ப்பா. அதானே நம்ம வழக்கம்.”

தாள் திரும்பி வந்தது: ‘அவள் அம்பலநூல் எழுதுகிறாள்.’

ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். மாற்றாமல் அச்சுக்கு அனுப்பினேன்.