ஃபிரேமுக்குள் ஒரு பாட்டில்

"கட். மறுபடியும் பாட்டில் தெரியுது கலை."

மானிட்டரைப் பார்த்தபடி சொன்னார் இயக்குநர் இராமச்சந்திரன். கலைவாணி குனிந்து பார்த்தாள். செஞ்சிக்கோட்டை கல்யாண மகால் படியில் ராணி வேடத்து நடிகை நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், தூரத்துக் கல்சுவர் ஓரமாக, வெயிலில் மின்னுகிறது ஒரு தண்ணீர் பாட்டில்.

ராஜா காலத்துத் தொடர் என்பதால் மட்டுமல்ல. இந்தச் சேனலின் எந்தத் தொடரிலும் பிளாஸ்டிக் பாட்டிலோ கவரோ கப்போ திரையில் தெரியக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது உதவி இயக்குநர் கலைவாணியின் பொறுப்பு.

"இப்பத்தான் சார் எடுத்துட்டு வந்தேன்."

"நாலாவது தடவைம்மா இது."

அவள் மறுபடியும் நடந்தாள். கோட்டைக் காவலாளி பெரியதம்பியும் கூட வந்தார்.

பாட்டிலை எடுத்தாள். முன்பு எடுத்த மூன்றைப் போலவே இதன் அடியிலும் ஒரு பிடி ஈரமண். சுற்றிலும் காய்ந்த பாறை. காற்றுகூட இல்லை.

"யாருண்ணா இங்க வந்து போட்டுட்டுப் போறாங்க?"

"யாரும் வர மாட்டாங்கம்மா. செவுத்துக்கு அந்தாண்ட, முள்ளுப் பொதருக்குள்ள ஒரு பாழுங்கெணறுதான் இருக்குது. நாங்களே அந்தப் பக்கம் போவறதில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "காலைலேர்ந்து இன்னாவோ மொனகுற மாதிரி கேட்டுக்கினே இருக்குது. நான் யார்கிட்டயும் சொல்லல."

கலைவாணி காதுகொடுத்துக் கேட்டாள். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு அடியில் மெல்லியதாக ஏதோ கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

வாக்கி டாக்கியில் இயக்குநரின் குரல் வந்தது. "வந்துடு கலை. இனிமே தெரிஞ்சா கம்ப்யூட்டர்ல அழிச்சிக்கலாம்."

திரும்பி இரண்டடி வைத்திருப்பாள். சுவருக்கு மேலாக ஏதோ பறந்து வந்து அவள் காலடியில் விழுந்து உருண்டது.

இன்னொரு பாட்டில்.

பெரியதம்பி பின்வாங்கினார். "தொடாதம்மா. வா, போயிடலாம்."

"அந்தாண்ட ஆளே இல்லன்னீங்களே?"

"இல்லம்மா. அதனாலதான் சொல்றேன், வா."

கலைவாணி மூடியைத் திறந்தாள். ஈரமண்ணோடு மடித்த காகித அட்டை ஒன்று இருந்தது. பிரித்தாள். அவர்கள் படப்பிடிப்புக் குழுவின் அடையாள அட்டை.

போட்டோவில் செட் உதவியாள் ராபர்ட் சிரித்துக்கொண்டிருந்தான். நேற்று சாயங்காலம் இங்கே கிடந்த பாட்டில்களைப் பொறுக்கிவர, சாக்குப்பையோடு அவனைத் தனியாக அனுப்பியவள் அவள்தான். காலையில் அவனைக் காணாதபோது, சொல்லாமல் சொந்த ஊரான தொண்டூருக்கு ஓடிவிட்டான் என்று முதலில் திட்டியவளும் அவள்தான்.