ஒழுகாத குழாய்

நயினார் கேட்ட விலைக்கே வீட்டை வாங்கிக்கொள்வதாகப் பூங்கோதை சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது. நான்கு வீடுகள் கைநழுவிப்போன பயத்தில் சொல்லிவிட்டாள். அவள் நீட்டிய முன்பணத்தை அவர் தொடவில்லை.

"பேரமே பேசாம வாங்குதியளே, நான் கொறைச்சுக் கேட்டுட்டனோ? வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று எழுந்தார்.

பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது. சமையலறைக்குள் போய், "என்ன அண்ணாச்சி, குழாய் இப்படி ஒழுகுது! பத்தாயிரம் குறைச்சாத்தான் ஆச்சு" என்று சத்தம் போட்டாள்.

நயினார் ஓடிவந்து பார்த்தார். குழாய் காய்ந்துகிடந்தது. அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு குழாயின் திருகை மெதுவாகத் தளர்த்தினார். ஒரு சொட்டு விழுந்தது.

"ஆமாம்மா, ஒழுகத்தான் செய்யுது. அஞ்சாயிரம் குறைச்சுக்கிடுதேன்" என்று முன்பணத்துக்குக் கை நீட்டினார்.

பூங்கோதைக்கு மூச்சு வந்தது.

"ஏழு" என்றாள்.